ரீச்சரிடம் கேளுங்கள்: எட்டு நாற்பதுக்கு அப்படி என்னதான் நடக்கிறது?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'ரியூட்டர் ரைம்' பற்றியவை, அதாவது பிள்ளைகள் தங்கள் வகுப்புப் பொறுப்பாசிரியரோடு (ரியூட்டர்) காலையில் இருக்கிற நேரம். செப்டெம்பரில் பிள்ளை இடைநிலைப் பள்ளியின் முதல் வகுப்பான இயர் 7க்குப் போனால் ஒக்டோபரில் இந்தக் கேள்வி வந்தே தீரும். என்னைத் தெரியாதவர்களுக்கு: வடமேற்கு லண்டனில் ஓர் அரசுப் பள்ளியில் புவியியல் படிப்பிக்கிறேன். பதினேழு வருடமாக ஏதாவது ஒரு வகுப்புக்கு ரியூட்டராகவும் இருக்கிறேன்.

*ரீச்சர், மகள் இயர் 7. தினமும் காலை 8.40 முதல் 9.05 வரை ரியூட்டர் ரைமாம். என்ன படித்தாய் என்று கேட்டால் "ஒண்டுமில்லை, சும்மா இருந்தனாங்கள்" என்கிறாள். கிழமைக்கு இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வீணாகிறதே, அதில் கணக்குப் படிப்பித்தால் என்ன?*
— ஒரு தாய், ஹரோ

125 நிமிடம். சரியாகத்தான் கூட்டியிருக்கிறீர்கள்.

யாழ்ப்பாணத்தில் நாங்கள் படித்தபோதும் வகுப்பாசிரியர் இருந்தார். தேவாரம் முடிய இடாப்பைத் திறந்து பெயர் கூப்பிடுவார். இடாப்பை மூடினால் அந்தப் பொறுப்பும் அநேகமாக முடிந்தது. இங்கே ரியூட்டரின் வேலை இடாப்பிலிருந்துதான் தொடங்குகிறது. காலையில் ஒருமுறை, மத்தியானத்துக்குப் பிறகு ஒருமுறை வரவு பதிய வேண்டும் என்பது சட்டம். பள்ளி நடப்பது வருடத்தில் 190 நாள். "என்ர பிள்ளைக்கு வரவு 90 வீதம்" என்று ஓர் அப்பா பெற்றோர் கூட்டத்தில் பெருமையாகச் சொன்னார். பரீட்சையில் 90 நல்ல மார்க். வரவில் 90 என்றால் 19 நாள் பள்ளிப் பக்கமே வரவில்லை. அந்த எல்லையைத் தொட்டால் 'தொடர்ந்து வராத பிள்ளை' என்ற கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

மிச்ச நேரத்தில் என்ன நடக்கும்? எங்கள் பள்ளியில் திங்கள் சீருடை, பேனை, கல்குலேற்றர் எல்லாம் சரிபார்ப்பு. ஒரு நாள் அசெம்பிளி. ஒரு நாள் எல்லோரும் சேர்ந்து ஒரே புத்தகம் வாசிப்போம். ஒரு நாள் காசு, நித்திரை, கேலிவதை, இணையத்தில் முன்பின் தெரியாதவர் அனுப்புகிற செய்தி என்று ஏதாவது ஒன்றைப் பற்றிப் பேச்சு. வெள்ளிக்கிழமை வினாடி வினா; சண்டை வராமல் முடிந்தால் அதிசயம். பர்சனல் டிவலப்மென்ற் (ஆளுமை வளர்ச்சி) என்று பெரிய பெயரில் சொல்வதில் ஒரு பகுதி இதுதான். 2019 செப்டெம்பரிலிருந்து, பள்ளிகளைப் பரிசோதிக்கிற ஒஃப்ஸ்டெட் அதைத் தனியாக மதிப்பிடுகிறது. வீடு வாங்க முதல் ஒஃப்ஸ்டெட் அறிக்கையைத் தேடுகிற எங்கட சனம் அந்தப் பகுதியை மட்டும் தாண்டிப் போய்விடுகிறது.

ஆனால் இந்த அட்டவணையை வைத்து உங்களுக்கு ரியூட்டர் ரைமை விளங்கப்படுத்த முடியாது. ஒரு கதை சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன் என் வகுப்பில் ஒரு தமிழ்ப் பெடியன், இயர் 8. பிளானர் என்று ஒரு கொப்பி இருக்கிறது. கிழமைக்கு ஒருமுறை பெற்றோர் அதில் கையெழுத்து வைக்க வேண்டும், வெள்ளிக்கிழமை நான் பார்ப்பேன். அவனுடைய அப்பா தமிழில் முழுப்பெயர் எழுதிக் கையெழுத்து வைப்பவர். ஒரு வெள்ளி பார்க்கிறேன், எழுத்து வடிவாகத்தான் இருக்கிறது, ஆனால் பெயரில் 'ழ' வரவேண்டிய இடத்தில் 'ள'. எந்த அப்பா தன் பெயரிலேயே எழுத்துப்பிழை விடுவார்? பின்னால் புரட்டினால் ஆறு கிழமையாக 'ள'. தமிழ் வாசிக்கத் தெரிந்த நானே ஆறு கிழமை பார்க்காமல் 'சரி' போட்டிருக்கிறேன்.

வகுப்புக் கலைந்த பிறகு, "தம்பி, அப்பா பெயரை மாத்திப்போட்டாரோ?" என்றேன். காது சிவந்துவிட்டது. "மிஸ், சனிக்கிழமை தமிழ்ப் பள்ளியிலயும் இதுக்குத்தான் மார்க் வெட்டுறவை" என்றான். பிறகு மெதுவாகச் சொன்னான். அப்பா இரவு வேலைக்கு மாறிவிட்டார். இவன் வெளிக்கிடும்போது அவர் வந்து படுத்துவிடுவார், இவன் திரும்பி வரும்போது அவர் வெளிக்கிட்டுவிடுவார். ஞாயிற்றுக்கிழமைதான் முகம் பார்ப்பது.

அப்பாவுக்குப் போன் எடுத்தேன். மனுசனுக்குக் கையெழுத்து விசயம் சிரிப்பு, மற்ற விசயம் தெரியாது. அதன் பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவர் வந்து படுக்க முதல், வாசலில் நின்றபடியே பிளானரில் கையெழுத்து. இரண்டு பேரும் பத்து நிமிடம் கதைப்பார்களாம். அடுத்த வெள்ளி 'ழ' திரும்பி வந்தது.

கணக்கு வகுப்பில் அந்த 'ள' யார் கண்ணிலும் படாது. கணக்கு வாத்தியாரைக் குறை சொல்லவில்லை, பிளானர் அவர் மேசைக்கு வருவதேயில்லை.

மகளிடம் "என்ன படித்தாய்" என்று கேட்காதீர்கள். "இண்டைக்கு மிஸ் ஆரைப் பேசினவ?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணித்தியாலம் கதை வரும்.

*மகன் இயர் 9. பாலியல் கல்வி தொடங்கப் போகிறது என்று பள்ளி ஈமெயில் அனுப்பியிருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டா?*
— ஒரு தந்தை, ஈஸ்ட் ஹாம்

உண்டு, நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. 2020 செப்டெம்பரிலிருந்து இங்கிலாந்தின் எல்லா இடைநிலைப் பள்ளிகளிலும் உறவு மற்றும் பாலியல் கல்வி கட்டாயம். அதில் பாலியல் பகுதியிலிருந்து மட்டும் பிள்ளையை விலக்கும்படி அதிபரிடம் கேட்கலாம். உறவுகள் பற்றிய பகுதியிலிருந்தோ, விஞ்ஞானத்தில் வருகிற இனப்பெருக்கப் பாடத்திலிருந்தோ விலக்க முடியாது. அதோடு, 16 வயது ஆவதற்கு மூன்று தவணை இருக்கும்போது முடிவு பிள்ளையின் கைக்குப் போய்விடும். "நான் படிக்கப் போறன்" என்று மகன் சொன்னால் பள்ளி அவன் பக்கம்தான்.

கடிதம் எழுத முதல் ஒன்று செய்யுங்கள் அண்ணை. என்ன படம், என்ன வீடியோ காட்டப் போகிறீர்கள் என்று பள்ளியில் கேளுங்கள். பார்த்துவிட்டு "இவ்வளவுதானா" என்று போன பெற்றோரை நான் கண்டிருக்கிறேன். பார்த்தும் விலக்கியவர்களும் உண்டு, அது அவர்கள் உரிமை. என் அனுபவத்தில், விலக்கிய பிள்ளைக்கு அதே பாடத்தை மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கூட்டாளிகள் நடத்துவார்கள். அவர்களுடைய பாடத்திட்டத்தை யாரும் பரிசோதிப்பதில்லை.

*மகளின் ரியூட்டர் போன் எடுத்து, "இரண்டு கிழமையாக வகுப்பில் கதையே இல்லை, வீட்டில் ஏதும் பிரச்சினையா" என்று கேட்டார். மாமியார் இறந்து அவ்வளவு நாள்தான் ஆகிறது. இனி சோஷல் சேர்விஸ் வருமா? வீட்டு விசயத்தை வெளியில் கதைக்காதே என்று மகளுக்குச் சொல்லட்டுமா?*
— ஒரு தாய், ரூட்டிங்

வேண்டாம் தங்கச்சி, அதை மட்டும் சொல்லாதீர்கள். மகள் எதையும் கதைக்காததால்தான் அந்த ரியூட்டர் போன் எடுத்திருக்கிறார்.

பிள்ளைக்கு ஆபத்து என்று நினைக்கும்படி ஏதாவது கேட்டால், அதை இரகசியமாக வைத்திருப்பேன் என்று எந்த ஆசிரியரும் வாக்குக் கொடுக்க முடியாது. பள்ளியில் பிள்ளைப் பாதுகாப்புக்கென்று ஒருவர் இருப்பார், அவரிடம் சொல்லியே ஆக வேண்டும். அப்பம்மா செத்ததற்கு யாரும் கதவைத் தட்ட மாட்டார்கள். "அப்பம்மாதான் இவளை வளர்த்தவ" என்று ரியூட்டருக்கு இரண்டு வரி எழுதுங்கள். பாட ஆசிரியர்கள் எல்லோருக்கும் அவர் சொல்லிவிடுவார். 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்கு பள்ளி நாளில் வந்தால் லீவு கேட்டு அதிபருக்கு முன்பே எழுதுங்கள், தருவதும் விடுவதும் அவர் முடிவு.

*யூன் கடைசியில் ஊருக்கு ரிக்கெற் மலிவு. இரண்டு பிள்ளைகள், ஐந்து நாள்தான் பள்ளி போகும். காய்ச்சல் என்று சொல்லலாமா?*
— ஒரு வாசகர், லெஸ்டர்

ஐந்து நாள் என்றால் காலை, மாலை சேர்த்துப் பத்து வரவு. தண்டம் தொடங்குகிற எல்லை சரியாக அதுதான். 2024 ஓகஸ்டிலிருந்து ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும், 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண், பிந்தினால் 160. உங்கள் வீட்டுக்கு நான்கு தண்டம், குறைந்தது 320 பவுண். இப்போது ரிக்கெற் விலையைத் திரும்பப் பாருங்கள். காய்ச்சல் கதை எடுபடாது. திரும்பி வந்த அன்றே பிள்ளை ரியூட்டர் ரைமில் யாழ்ப்பாணத்துக் கசூரினா கடற்கரையில் குளித்த கதையை 29 பேருக்குச் சொல்லும்.

*மகள் இயர் 9. டியூக் ஒஃப் எடின்பரோ விருதின் பிரோன்ஸ் படியில் சேரப் போகிறாளாம், வெளியில் கூடாரத்தில் தங்க வேண்டுமாம். பொம்பிளைப் பிள்ளை, பயமாக இருக்கிறது.*
— ஒரு தாய், கிரோய்டன்

ஒரே ஓர் இரவு. நாலிலிருந்து ஏழு பேர் கொண்ட குழு, பொறுப்பாளர்கள் கண்காணிப்பில் இருப்பார்கள். இந்த விருதுக்குத் தனியாக ஒரு திறமையும் உடற்பயிற்சியும் காட்ட வேண்டும். அவள் வீணையும் பரதநாட்டியமும் பழகினால் அவையே அதற்கு ஆகும். விடுங்கள். புதுச் சப்பாத்தை அன்றைக்குத்தான் முதன்முதல் போடவிடாதீர்கள், இரண்டு கிழமை முன்பே போட்டு நடக்கட்டும். சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுக்க வேண்டாம், அங்கே அவர்களே சமைக்க வேண்டும்.