200 மணி நேரம் ஓடவிட்டால் பேஸ் வருமா?

வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொல்பவர், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் முப்பது வருடம் மைக் செட் கடையும் ஸ்பீக்கர் ரிப்பேரும் பார்த்தவர்.

கேள்வி: ஐயா, ஆன்லைனில் 3,500 ரூபாய்க்கு ஹெட்ஃபோன் வாங்கினேன். காதை முழுசாக மூடுகிற வகை. 'ஸ', 'ச' வரும் இடமெல்லாம் காதைக் குத்துகிறது, பேஸ் (கனமான தாழ்ந்த சத்தம்) துளிகூட இல்லை. விற்றவரிடம் கேட்டால், "புதுசு அப்படித்தான் இருக்கும், 200 மணி நேரம் ஓடவிடுங்க, செட் ஆயிடும்" என்கிறார். தலையணைக்கு அடியில் வைத்து ராத்திரி முழுக்கப் பாட்டு ஓடவிடுகிறேன், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காலையில் எழுந்ததும் கேட்டுப் பார்க்கிறேன். இன்னும் எத்தனை நாள் ஓட்ட வேண்டும்?
– கல்லூரி மாணவர், நெல்லிக்குப்பம்

பதில்: தம்பி, முதலில் ஒரு கணக்கு. 200 மணி நேரம் என்றால் 8 நாளும் 8 மணி நேரமும். திருப்பி அனுப்ப எத்தனை நாள் தவணை என்று பில்லில் பாருங்கள். 7 நாள் என்றால் அது 168 மணி நேரம்தான். பாட்டு ஓடி முடிவதற்குள் தவணை முடிந்துவிடும். (இந்த இதழ் அச்சாகி உங்கள் கைக்கு வரும்வரை தவணை காத்திருக்காது என்பதால், உங்கள் கடிதம் வந்த அன்றே போனில் சொல்லிவிட்டேன்.)

இந்தக் குழியில் நானே விழுந்திருக்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் மகள் வாங்கிக்கொடுத்த ஹெட்ஃபோனில் வலது பக்கம் லேசாகக் கரகரத்தது. புதுசுதானே, பழகட்டும் என்று 9 நாள் ஓட்டினேன். பழகவில்லை. உள்ளே இருக்கும் காயில் (கம்பிச் சுருள்) காந்தத்தில் உரசிக்கொண்டிருந்தது. ஊரில் இருக்கிற உரசல் காயிலுக்கெல்லாம் வைத்தியம் பார்த்தவன், சொந்தக் காதில் மாட்டியதைக் கோட்டைவிட்டேன். விற்ற இடத்தில் தேதி தாண்டிவிட்டது என்று கையை விரித்துவிட்டார்கள்.

சரி, ஸ்பீக்கர் பழகும் என்பதே புளுகா? முழுசாக அப்படிச் சொல்ல மாட்டேன். கடையில் பெரிய வூஃபருக்கு (தாழ்ந்த சத்தத்துக்கான ஸ்பீக்கர்) கோன், அதாவது முன்னால் அசையும் கூம்பு, மாற்றும்போது, கோனுக்கு அடியில் ஸ்பைடர் என்று ஒன்று ஒட்டுவோம். மடிப்பு மடிப்பாக, பிசினில் தோய்த்துக் காயவைத்த துணி வளையம். புதிதில் கையால் அமுக்கினால் அப்பளம் மாதிரி விறைப்பாக இருக்கும். தாழ்ந்த சுருதியில் கொஞ்ச நேரம் நன்றாக அசையவிட்டால் அந்த விறைப்பு விட்டுப்போகும். ஆனால் அது நிமிடக் கணக்கில் முடிகிற வேலை. வாரக் கணக்கில் எந்த வூஃபரும் என்னிடம் பழகியது கிடையாது.

உங்கள் ஹெட்ஃபோனில் அந்த ஸ்பைடரே இல்லை. தலைமுடியைவிட மெல்லிய பிளாஸ்டிக் படலம் ஒன்று, அதன் முதுகில் ஒட்டிய காயில், பின்னால் காந்தம், அவ்வளவுதான். படலத்தின் ஓரத்தில் இருக்கும் மடிப்புகளே அதற்கு ஸ்பிரிங். 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 தடவை அதிரும் சத்தம் ஒன்றை 10 நிமிடம் ஓடவிட்டால் அந்தப் படலம் 30,000 தடவை முன்னும் பின்னும் போய்வந்திருக்கும். அதற்குள் இளகாதது ஒன்பதாம் நாள் எதற்கு இளகப்போகிறது?

இந்த நம்பிக்கை நம் ஊரில் சுலபமாக ஒட்டிக்கொள்வதற்குக் காரணம் உண்டு. நாகஸ்வரக்காரர்கள் புதுச் சீவாளியைப் பதப்படுத்தாமல் கச்சேரிக்கு எடுக்க மாட்டார்கள். மிருதங்கத்துக்குப் புதுத் தோல் போட்டால் அது இழுத்து நிற்கக் கொஞ்ச நாள் ஆகும். அதெல்லாம் நாணலும் தோலும். ஈரத்துக்கும் சூட்டுக்கும் மாறுகிற பொருள்கள். பிளாஸ்டிக் படலத்துக்கு அந்தக் குணம் கிடையாது.

"ஆனால் நிஜமாகவே சத்தம் மாறுகிறதே" என்பீர்கள். மாறும். எது மாறுகிறது என்று சொல்கிறேன். போன வருடம் என் பேரன் என்னிடம் இருக்கும் இன்னொரு ஹெட்ஃபோனின் (கரகரத்தது இல்லை) மாடலையே வாங்கினான். என்னுடையது இரண்டு வருடம் உழைத்தது, அவனுடையது அன்றுதான் பெட்டி பிரித்தது. மாற்றி மாற்றிக் கேட்டோம். பழையதில் பேஸ் நிறைவாக இருந்தது, குத்தல் இல்லை. பார்த்தாயா, பழகிய சரக்கு என்று நானே சொல்லிவிட்டேன். அவன் ஒன்றும் பேசாமல் இரண்டிலும் காதைச் சுற்றி இருக்கும் குஷனைக் கழற்றி இடம் மாற்றி மாட்டினான். இப்போது புது ஹெட்ஃபோன் நிறைவாகப் பாடியது, என்னுடையது மெலிந்துவிட்டது! அப்புறம் என்னுடையதற்கும் புதுக் குஷன் ஒரு ஜோடி வாங்கிப் போட்டு, வால்யூமை ஒன்றாக வைத்து, என் கண்ணைத் துண்டால் கட்டி 10 தடவை கேட்கவைத்தான். 6 தடவை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிவிட்டிருந்தாலும் அவ்வளவு வந்திருக்கும்.

குஷனுக்குள் இருக்கும் பஞ்சு உடம்புச் சூட்டிலும் அழுத்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கி உங்கள் தாடை எலும்புக்குத் தகுந்தபடி படிகிறது. படிந்ததும் காற்றுக் கசிவு அடைபடும். கசிவு இருந்தால் முதலில் காணாமல் போவது பேஸ்தான். தலையணைக்கு அடியில் ராத்திரியெல்லாம் பாட்டு ஓடினால் குஷன் எந்தத் தாடைக்குப் படியும், சொல்லுங்கள்?

இன்னொன்று நம் காது. தேவனாம்பட்டினத்தில் என் தங்கை வீட்டுக்குச் சேலத்திலிருந்து விருந்தாளிகள் வந்தால், முதல் ராத்திரி அலைச் சத்தத்தில் தூங்க மாட்டார்கள். மூன்றாம் ராத்திரி "கடல் அடங்கிடுச்சு போல" என்பார்கள். கடல் என்றைக்கு அடங்கியது? பத்து நாள் கேட்ட ஹெட்ஃபோனும் அப்படித்தான். பொருள்தான் மாறுகிறது என்றால் பாதிப் பேருக்காவது மோசமாக மாறியிருக்க வேண்டும். 200 மணி நேரம் ஓட்டிக் கெட்டுப்போய்விட்டது என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது சின்ன வேலை. தவில் நிறைய வரும் பாட்டு ஒன்றை வைத்து, இரண்டு குஷனையும் உள்ளங்கையால் மெல்லத் தலையோடு சேர்த்து அழுத்துங்கள். பேஸ் கூடினால் கசிவு இருக்கிறது. அடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேளுங்கள். என் சந்தேகம் உங்கள் கண்ணாடிக் காம்பின் மேல்தான். காம்பு தடித்திருந்தால் குஷனைத் தூக்கிப் பிடித்துச் சந்து விட்டுவிடும். கண்ணாடி இல்லாமலும், அழுத்திப் பிடித்தும் அதே குத்தல் என்றால் அந்த ஹெட்ஃபோனின் குரலே அதுதான், தயங்காமல் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கேள்வி: என் ஹெட்ஃபோன் குஷன் உரிந்து கறுப்புத் தூளாகக் காதில் ஒட்டுகிறது. வாங்கி ஒன்றரை வருடம்தான். பசை போட்டு ஒட்டலாமா?
– இல்லத்தரசி, வைத்திக்குப்பம், புதுச்சேரி

பதில்: வேண்டாம் அம்மா. அது தோல் இல்லை, துணிமேல் பூசிய பாலியூரித்தேன். வியர்வையும் காற்றிலுள்ள ஈரமும் சேர்ந்து அதைப் பொடியாக்குகின்றன. கடலோரத்தில் இருக்கிறீர்கள், ஈரத்துக்குக் கேட்கவா வேண்டும். கேட்டு முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து வைத்தால் அடுத்த ஜோடி கொஞ்சம் அதிக நாள் வரும். புதுக் குஷன் பழையதன் தடிமனிலேயே இருக்க வேண்டும். தடிமன் மாறினால் சத்தமும் மாறும். சண்டே மார்க்கெட்டில் தேடுவதானால் பழைய குஷனைக் கையோடு எடுத்துப்போய் மேலே வைத்து அளவு பார்த்து வாங்குங்கள்.