மாணவர் கட்டுரையை மாணவரே மதிப்பிடலாமா?

கேள்வி: மேல்நிலை வகுப்பில் ஒருவர் கட்டுரையை மற்றவர் படித்துக் கருத்துச் சொல்லும்படி செய்தேன். ‘நன்று’ என்பதற்கு மேல் எவரும் எழுதவில்லை. இம்முறையால் பயனுண்டா?

பதில்: உண்டு, குறை மாணவர்களிடம் இல்லை, அவர்களிடம் கேட்கப்பட்ட கேள்வியில் இருக்கிறது. ‘எப்படி இருக்கிறது?’ என்றால் நட்பைக் காப்பாற்றும் விடைதான் வரும். கட்டுரையின் மையக் கருத்தைத் தம் சொற்களில் ஒரே வரியில் எழுதவும், மறுமுறை படிக்க நேர்ந்த இடத்தில் கோடிடவும் சொல்லுங்கள். ‘இரண்டாம் பத்தியில் வரும் “அவர்” தந்தையா, ஆசிரியரா?’ என்று ஓரத்தில் தோழி எழுதும் ஒரு கேள்வி, சிவப்பு மையில் நாம் இடும் பத்துத் திருத்தங்களைவிட அதிகம் யோசிக்க வைக்கும். கேட்டவளும் தன் கட்டுரையில் அதே குழப்பத்தைக் கண்டுகொள்வாள். சந்திப்பிழைகளைக் கடைசி வரைவுக்கு ஒதுக்குங்கள் (அவற்றில் நமக்கே தடுமாற்றம் உண்டு). மதிப்பெண் மட்டும் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.