பாட்டு டீச்சராக இருக்கும் மகளுக்கு அடுத்து என்ன?

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகள் தக்கலைப் பக்கம் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் பாட்டு டீச்சர். ஆசிரியர் பயிற்சி டிப்ளமோ கையில் இருக்கிறது, பியானோவில் லண்டன் டிரினிட்டி கல்லூரி நடத்தும் இசைப் பரீட்சையில் 5-ஆம் கிரேடும் முடித்துவிட்டாள். 8-ஆம் கிரேடு வரை படிக்க வைப்பதா, பேங்க் பரீட்சைக்குத் திருப்புவதா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம் என்பேன்.

கிரேடு பரீட்சை அவள் எப்படி வாசிக்கிறாள் என்று பார்க்கும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரைப் பாட வைப்பதை அது சொல்லித் தராது. பிள்ளைகள் கத்துகிறார்கள், இவளுக்குத் தொண்டை கட்டுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அநேகமாகச் சுருதிதான் காரணம். சர்ச் குயரில் ஆல்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல் பகுதி, பாடிப் பழகியவர்கள் தங்களுக்கு வசதியான தாழ்ந்த இடத்தில் பாட்டை எடுத்துவிடுவார்கள். சின்னப் பிள்ளைகளின் குரல் அங்கே நிற்காது, அதனால் கத்துகிறார்கள். கீபோர்டில் நடு 'சி'க்கு அடுத்த 'டி' முதல் 'ஏ' வரை, அந்த ஐந்து சுரத்துக்குள் அடங்கும் பாட்டுகளை ஒரு மாதம் எடுத்துப் பார்க்கட்டும். வகுப்பை செல்போனில் பதிவு செய்து வீட்டில் கேட்கட்டும்.

அப்புறம், ஹங்கேரியின் கோடாய், ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் என்ற இசையமைப்பாளர்கள் இருவரும் பிள்ளைகளுக்கு இசை சொல்லித்தர வகுத்த முறைகளை அவள் படிக்க வேண்டும். கோடாய் முறையில் ஒவ்வொரு சுரத்துக்கும் ஒரு கைச் சைகை உண்டு. அந்தச் சைகைகளைக் கொண்டுவந்தவர், சுரங்களை டோ, ரே, மி என்று பாடும் சோல்ஃபாவைப் பரப்பிய இங்கிலாந்துப் பாதிரியார் ஜான் கர்வென். குயரில் சோல்ஃபா பாடி வளர்ந்தவளுக்கு அது பாதி தெரிந்த விஷயம். ஓர்ஃப் முறையில் பேச்சும் கைதட்டலும் முதலில், வாத்தியம் பிறகு. நம் வில்லுப்பாட்டில் ஒருவர் சொல்ல மற்றவர்கள் 'ஆமா' போடுகிறார்களே, அதையே வகுப்பில் செய்து பார்க்கலாம். வெளிநாட்டு முறையை நம் பிள்ளைகளிடம் கொண்டுபோக இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

சரி, வேலை நிலைப்பது. அரசுத் தொடக்கப் பள்ளியில் இசைக்கென்று தனி ஆசிரியர் கிடையாது, வகுப்பாசிரியர்தான் பாட்டும் சொல்லித் தருகிறார். அதனால் டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில், தொடக்க வகுப்பு ஆசிரியர்களுக்கான முதல் தாளை அவள் எழுதித் தேறட்டும். அந்தச் சான்றிதழ் ஆயுள் முழுக்கச் செல்லும். பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்றுத்தரத் தமிழக அரசு 2022-இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தில் 1 முதல் 3 வரையுள்ள வகுப்புகளில் பாட்டுக்கு நல்ல இடம் இருக்கிறது. இசை தெரிந்த ஆசிரியை அங்கே தனியாகத் தெரிவாள்.

இசையில் பட்டம் வேண்டுமென்றால் 1939 முதல் நடக்கும் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரி திருவனந்தபுரத்தில் இருக்கிறது. உங்களுக்கு மதுரையைவிடப் பக்கம். ஆனால் பகலெல்லாம் கல்லூரி, வேலையை விட வேண்டிவரும். இந்த வருடம் அதை நினைக்க வேண்டாம்.

பேங்க் பரீட்சை பற்றி மகள் என்ன சொல்கிறாள் என்று நீங்கள் எழுதவே இல்லை. அவளிடம் கேட்டுவிட்டு எனக்கு எழுதுங்கள்.