9.9 ஹெச்.பி. மோட்டார் கையில் இருக்கிறது. எந்தப் பழைய அலுமினியப் படகை வாங்கலாம்?

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால், கையில் இருப்பது ஷார்ட் ஷாஃப்ட் (தண்டு குட்டையான வகை) 9.9 ஹெச்.பி. டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு, அதாவது படகின் பின்னால் வெளியே மாட்டும் மோட்டார். பார்த்து வைத்திருக்கும் படகுகள் மூன்று. புதுப் பெயின்ட் அடித்த 12 அடித் தட்டையடிப் படகு ஒன்று, ஒடுக்கு விழுந்து பெயின்ட் உரிந்த 14 அடி வி-அடிப் படகு ஒன்று, அதே அளவில் பிளைவுட் தரையும் மேடையும் போட்டுக் கம்பளம் விரித்த இன்னொரு படகு. ஏரியில் இரண்டு பேர் போய் மீன் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

நானாக இருந்தால் ஒடுக்கு விழுந்ததைத்தான் முதலில் போய்ப் பார்ப்பேன். அதன் பின்பலகை, அதாவது மோட்டாரை மாட்டும் இடம், நன்றாக இருந்தால் அதையே வாங்குவேன்.

நான் முதலில் வாங்கியது பளபளவென்று இருந்த படகு. உள்ளேயும் வெளியேயும் பச்சைப் பெயின்ட், உட்காரும் பலகையெல்லாம் புதுசு. தண்ணீரில் விட்டால் பின்பக்கம் மட்டும் ஏனோ தாழ்ந்தே நின்றது. மோட்டாரின் கனம் என்று நினைத்துக்கொண்டு ஒரு பருவம் முழுக்க ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் பின் பெஞ்சின் தகட்டைக் கழற்றி உள்ளே மிதப்புக்காக வைத்திருந்த ஃபோம் கட்டையை இழுத்தால், ஒரு ஆளால் தூக்க முடியவில்லை. பல வருடத் தண்ணீரைக் குடித்து ஊறிப் போயிருந்தது. வெயிலில் வைத்து இரண்டு வாரம் கழித்து வெட்டிப் பார்த்தேன், நடுவில் இன்னும் ஈரம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. சின்ன மோட்டார்காரனுக்கு இதைவிடப் பெரிய எதிரி கிடையாது.

காரணம் சொல்கிறேன். 14 அடிப் படகு தண்ணீரைக் கிழித்துக்கொண்டு மட்டும் போனால், மணிக்கு 9 கிலோமீட்டரை ஒட்டி ஒரு சுவர் மாதிரி நின்றுவிடும். தன் அலையைத் தானே ஏற முடியாமல் திணறும். அதைத் தாண்ட வேண்டுமானால் படகு எழும்பித் தண்ணீர்மேல் வழுக்க வேண்டும். 9.9 ஹெச்.பி. வைத்துக்கொண்டு லேசான 14 அடிப் படகில் ஒரு ஆள் போனால் எழும்பும். இரண்டு பேர் என்றால் சாமானைப் பொறுத்து எழும்பும், இல்லையென்றால் முக்கும். அந்த எல்லையில் இருக்கும்போது 30 கிலோ கூடினாலும் தெரியும். 19 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நாலு அடி ஒரு முழுத் தாளே கிட்டத்தட்ட அவ்வளவு கனம். உங்கள் மூன்றாவது படகில் எத்தனை தாள் போயிருக்கிறதோ! மேடை போட்டது 25 ஹெச்.பி. வைத்திருப்பவருக்குப் பொருந்தும். தவிர, கம்பளத்துக்குக் கீழே என்ன நடக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

தரைக்குப் போட்ட மரம் எது என்பதும் முக்கியம். பூச்சி அரிக்காமல் இருக்கச் செம்பு மருந்து ஏற்றிய பலகை கிடைக்கிறதே, அதை அலுமினியத்தோடு ஒட்டிப் போட்டால் ஈரம் பட்டவுடன் தகட்டை அரிக்க ஆரம்பித்துவிடும். படகின் அடியில் பாசி பிடிக்காமல் இருக்க அடிக்கும் செம்பு கலந்த பெயின்ட்டும் அப்படித்தான். ஒரு செம்புக் காசு அடியில் விழுந்து ஈரத்தோடு கிடந்தால்கூட அந்த இடத்தில் குழி விழும். தகட்டில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் விரலால் துடைத்துவிட்டு, கீழே குழி எவ்வளவு ஆழம் என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

இப்போது பின்பலகை. இதை ட்ரான்சம் என்பார்கள். பழைய படகுகளில் பெரும்பாலும் இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே பிளைவுட் இருக்கும். மேல்மூடியைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள், இல்லையென்றால் சுத்தியின் பிடியால் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல மரம் 'டக் டக்' என்று சொல்லும். உளுத்த இடம் வந்தவுடன் சத்தம் மந்தமாகிவிடும். மோட்டார் மாட்டியிருந்தால் இன்னும் சுலபம்: அதன் கீழ் நுனியைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், பலகை வளைகிறதா என்று கண் அங்கேயே இருக்கட்டும். பக்கத் தகடு வந்து சேரும் இரண்டு மூலைகளிலும் விரிசல் தேடுங்கள். மரம் மட்டும் உளுத்திருந்தால் பயப்பட வேண்டாம், புது மரைன் பிளைவுட்டை எபாக்சி பூசி மாற்றிவிடலாம். மூலைத் தகடு கிழிந்திருந்தால் நான் திரும்பி வந்துவிடுவேன்.

அங்கேயே நின்று ஒரு அளவும் எடுத்துக்கொள்ளுங்கள். பின்பலகையின் உச்சியிலிருந்து படகின் அடிவரை செங்குத்தாக 15 அங்குலத்தை ஒட்டி இருந்தால் உங்கள் ஷார்ட் ஷாஃப்டுக்குச் சரி. 20 அங்குலம் என்றால் அது லாங் ஷாஃப்டுக்கானது. உங்கள் ப்ரொப்பெல்லர் மேலேயே நின்று காற்றை உறிஞ்சி வெறுமனே கத்தும். ப்ரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிக்குச் சமமாகவோ ஒரு அங்குலம் கீழேயோ வந்தால் போதும்.

ஒழுகலுக்கு எல்லோரும் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். ரிவெட் (தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி) அடித்த பழைய படகு கொஞ்சம் வியர்க்கத்தான் செய்யும். சோதனை எளிது: படகை ட்ரெய்லரில் வைத்தபடியே உள்ளே தண்ணீர் விடுங்கள், வெளியே கீழே குனிந்து, சொட்டும் ஒவ்வொரு ரிவெட்டையும் மார்க்கரால் வட்டமிடுங்கள். என் இரண்டாவது படகில் இப்படி பதினொன்று வட்டம் போட்டேன், ஒன்பது படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் நடு முதுகெலும்பை ஒட்டியே இருந்தன. ஆசைப்பட்டு நிறைய விட்டுவிடாதீர்கள். 3 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலத்தில் 10 செ.மீ. நின்றாலே 300 கிலோ. தளர்ந்த ரிவெட்டை இறுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் வெளியே தலையில் கனமான இரும்பை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் உள்ளே சுத்தியால் நாலு தட்டு. புதிதாகப் போடுவதென்றால் சாதாரண பாப் ரிவெட் வேண்டாம், நடு ஓட்டை வழியாகவே தண்ணீர் வரும். முனை மூடிய வகை அல்லது முழு ரிவெட், மரைன் சீலன்ட்டோடு. விற்பவர் அடியெல்லாம் சிலிக்கான் அப்பி வைத்திருந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். அதன்மேல் நல்ல சீலன்ட்டும் பிடிக்காது, பெயின்ட்டும் பிடிக்காது.

ஒடுக்கு பற்றி: பக்கவாட்டில் எத்தனை இருந்தாலும் கவலையில்லை. அடியில், பின்பக்கக் கடைசி நாலைந்து அடி மட்டும் நேராக இருக்க வேண்டும். நீளமான சட்டம் ஒன்றை வைத்துப் பாருங்கள். உட்குழிந்திருந்தால் படகு மூக்கைத் தண்ணீரில் அழுத்திக்கொண்டு போகும், வெளியே புடைத்திருந்தால் தவளை மாதிரி துள்ளும்.

12 அடித் தட்டையடியை நான் குறை சொல்லவில்லை. ஆழமில்லாத, காற்றில்லாத இடத்தில் தனியாகப் போக அது அருமையானது, நிற்கும்போது ஆட்டமும் குறைவு. ஆனால் சிற்றலை வந்தால் அடிவயிற்றில் பளார் பளாரென்று அறையும். அமெரிக்கத் தயாரிப்பாக, 1972 நவம்பருக்குப் பின் வந்ததாக இருந்தால், எத்தனை ஆள், எவ்வளவு எடை, எத்தனை ஹெச்.பி. என்ற தகடு உள்ளே இருக்கும். அதைப் படித்துவிட்டு முடிவெடுங்கள். குறுகலான 12 அடித் தட்டையடிக்கு 5 ஹெச்.பி.தான் என்று போட்டிருந்தால், உங்கள் 9.9 அதற்கு அதிகம். தகடு காணவில்லை என்றால் நீளத்தையும் அகலத்தையும் அடிக் கணக்கில் அளந்து பெருக்கி 15-ஆல் வகுத்தால் ஆள் கணக்கு கிடைக்கும். 12-க்கு 4 என்றால் மூன்று பேர். மீன் பெட்டி, நங்கூரம், பெட்ரோல் டேங்க் எல்லாம் சேர்ந்தால் இரண்டு பேருக்கே நெருக்கம்தான்.

ட்ரெய்லரின் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள், கரகரவென்றால் பேரிங் போயிற்று. படகின் காகிதத்தில் உள்ள எண்ணும் பின்பலகையில் உள்ள எண்ணும் ஒன்றுதானா என்றும் பாருங்கள்.

போகும்போது மார்க்கரோடு, படகில் தண்ணீர் வடிய விட்டிருக்கும் ஓட்டையை மூட இரண்டு மூன்று அளவில் வடிகால் அடைப்பானும் கொண்டு போங்கள். தண்ணீர் விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டால் விற்பவர் சரி என்றுதான் சொல்வார், ஆனால் அடைப்பான் எங்கேயோ போய்விட்டது என்பார். எனக்கு இரண்டு இடத்தில் அப்படி ஆயிற்று.