பாதையில் பேசிய வொய்ஸ்

கேள்வி: மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் 7ஆம் தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். ஒரு மாணவி மூன்று கிழமையாகப் பயிற்சிக் கொப்பி கொண்டுவரவில்லை. அம்மம்மாவுக்கு இரண்டு தரம் சொல்லி அனுப்பியும் பதில் இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, மண்டூரில் பாதை (வாவியைக் கடக்கிற மிதவைப் படகு) ஏறி நின்றபடி, வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வொய்ஸ் போட்டேன். சாதாரணமாகத்தான் பேசினேன். பிள்ளையின் பெயரைச் சொல்லி, 'தாய் பக்கத்தில் இல்லாட்டி இப்படித்தான்' என்றேன். அன்றிரவு 11.40க்குத் தாய் குவைத்திலிருந்து அதே குரூப்பில் என்னைக் கண்டபடி ஏசி நாலு வொய்ஸ் போட்டிருந்தார். நான் பதில் போடவில்லை. இப்போது அதிபர் எழுத்தில் விளக்கம் கேட்கிறார். இடமாற்றம் கேட்கலாமா?
– ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி

பதில்: மகள், முதலில் அந்த வொய்ஸை நீங்களே ஒருக்கா போட்டுக் கேளுங்கள். பாதையின் எஞ்சின் இரைச்சல், வாவிக் காற்று, பக்கத்தில் நாலு மோட்டார் சைக்கிள். அதற்கு மேலால் கேட்கவேண்டுமென்று நீங்கள் குரலை உயர்த்தியிருப்பீர்கள். உங்களுக்கு அது சாதாரணப் பேச்சு, குவைத்தில் கேட்டவருக்குக் கத்தல்.

ஆனால் இரைச்சலில் பழியைப் போட்டுவிட்டுத் தப்ப ஏலாது. கொப்பி வராததைச் சொன்னதில் பிழையில்லை. தாய் பக்கத்தில் இல்லை என்றீர்களே, அதுதான் சுட்டது. அந்தப் பெண் கடல் கடந்து போனதே இந்தப் பிள்ளைக்காகத்தான் இருக்கும். அதை ஊர்த் தாய்மார் அத்தனை பேரும் கேட்கச் சொல்லிவிட்டீர்கள்.

இரவு 11.40க்கு வொய்ஸ் போட்டார் என்பதையும் மரியாதைக் குறைவாக எடுக்காதீர்கள். நமக்கு 11.40 என்றால் குவைத்தில் 9.10. வீட்டு வேலைக்குப் போனவராக இருந்தால் கையில் போன் கிடைக்கிற நேரமே அதுவாக இருக்கலாம்.

நானும் இதில் யோக்கியமில்லை. உன்னிச்சைப் பக்கம் படிப்பித்த காலத்தில் ஒரு தகப்பனைத் திங்கட்கிழமை வரச்சொல்லிக் கடிதம் கொடுத்துவிட்டேன். மனிசன் வந்தது வியாழன். "திங்கள் வரச்சொன்னா வியாழன் வாறதா?" என்று விறாந்தையில் வைத்தே கேட்டேன். வேளாண்மை வெட்டுக் காலம், ஆனைக் காவலுக்கு வாடியில் கிடந்தவர். சோற்றோடு மனைவி கொடுத்தனுப்பிய கடிதம் புதன் இரவுதான் அவர் கைக்குப் போயிருக்கிறது. காலில் சேறுகூடக் காயவில்லை. ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டுப் போனார். மறுகா அந்தப் பொடியன் பள்ளிக்கூடத்தை விடும்வரைக்கும் ஒரு பெற்றார் கூட்டத்துக்கும் அவர் வரவில்லை.

சரி, இப்போது செய்யவேண்டியது. பிழை குரூப்பில் நடந்தது, மன்னிப்பும் குரூப்பில்தான் வரவேண்டும். எழுத்தில், இரண்டே வரி: 'பிள்ளையின் பெயரையும் வீட்டு விசயத்தையும் பொதுவில் சொன்னது என் பிழை, மன்னிக்கவும். மற்றதைத் தாயாருடன் தனியாகப் பேசுகிறேன்.' 'ஆனால்' என்ற சொல் அதில் வரவேண்டாம். அவருடைய ஏச்சுக்கு அங்கே ஒரு சொல்லும் பதில் போடாதீர்கள்.

அப்புறம் அவருக்குத் தனியாக எழுதி, எந்த நேரம் பேசலாம் என்று கேளுங்கள். வெள்ளி அங்கே விடுமுறை நாள்தான், ஆனால் வீட்டு வேலை செய்கிறவர் எல்லாருக்கும் அது கிடைக்காது. பேசும்போது அந்தப் பிள்ளை நன்றாகச் செய்கிற ஒன்றை முதலில் சொல்லுங்கள். அவர் ஏசினதை விழுங்கவும் வேண்டாம். "என்னில் கோபமென்றால் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள், குரூப்பில் வேண்டாம்" என்று சொல்லலாம். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது.

அதற்கு முன் அம்மம்மாவின் வீட்டுக்கு ஒரு நடை போய் வாருங்கள். சொல்லி அனுப்பினேன் என்கிறீர்கள், யாரிடம்? அந்தப் பிள்ளையிடமே என்றால் அந்தச் செய்தி படலையைத் தாண்டியிருக்காது.

அதிபருக்கான விளக்கம் ஒரு பக்கத்துக்கு மேல் போகவேண்டாம். திகதி, நேரம், நீங்கள் சொன்னது, தாய் சொன்னது, பிறகு நீங்கள் எடுத்த நடவடிக்கை. 'அநாகரிகமாக', 'வேண்டுமென்றே' மாதிரிச் சொற்களை வெட்டிவிடுங்கள். பெயர் சொன்னதையும் தாயைப் பற்றிச் சொன்னதையும் நீங்களே எழுதுங்கள், அந்த வொய்ஸ் எப்படியும் அதிபர் காதுக்குப் போயிருக்கும். ஒரு பிரதியை உங்களிடம் வையுங்கள்.

குரூப்பை அட்மின் மட்டும் செய்தி போடுகிற மாதிரி மாற்றிவிடுங்கள். வீட்டு வேலை, லீவு, கூட்டத் திகதி, இவ்வளவும் போதும் அதற்கு.

இடமாற்றமா? ஒரு வொய்ஸுக்காகவா? இந்தத் தவணை முடியட்டும். கொப்பி வந்ததா என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.