கேன்வாஸில் தீட்டிய பட்டா: கேள்வி பதில்

கும்பகோணம் ஓவிய மாணவி: அக்கா, ஆஸ்திரேலியாவில் ஓவியத்தைக் காட்டியே நிலத்தை மீட்டார்களாமே?

ஓவியத்தால் மட்டும் அல்லம்மா. மேற்கு ஆஸ்திரேலியாவின் கிரேட் சாண்டி பாலைவனத்துப் பூர்வகுடிகள் 1996இல் நில உரிமை கோரினார்கள். 1997இல் பிர்னினி என்ற இடத்தில் நாற்பது பேர் அளவில் கூடி, 8 மீட்டருக்கு 10 மீட்டரில் 'ஙுரரா' ஓவியத்தைத் தீட்டி, அதைச் சாட்சியமாக வைத்தார்கள். 2007இல் நீதிமன்றம் 76,000 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலத்தில் அவர்கள் உரிமையை ஏற்றது. ஙுரரா என்றால் சொந்த மண்.

மதுரை நில அளவையர்: சர்வே கல், அளவுகோல் இல்லாமல் எல்லை எப்படித் தெரியும் மேடம்?

நல்ல கேள்வி ஐயா. துணியைத் தரையில் விரித்து, அவரவர் தம் மண் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து வரைந்தார்கள். பக்கத்துக் குடும்பத்தின் மண்ணில் யாரும் தூரிகை வைப்பதில்லை. அதைப் பற்றிப் பேசும் உரிமை அவர்களுக்கே. ஒருவர் முடிக்கும் இடத்தில் இன்னொருவர் தொடங்குவார். எனக்கு அதுவே எல்லைக்கல்லாகப் படுகிறது.

திருச்சியிலிருந்து: வாயால் சொன்னால் போதாதா?

விசாரணை நடந்தது ஆங்கிலத்தில். அவர்கள் பேச்சோ வால்மஜாரி, வங்கஜுங்கா, மங்கலா, ஜுவாலின்யி. நில உரிமைக் கோரிக்கையை விசாரித்த தீர்ப்பாயத்தார் முன் ஒவ்வொருவராக எழுந்து, ஓவியத்தில் தம் பகுதியில் போய் நின்று, தம் மொழியிலேயே பேசினார்கள். காலடியில் அவர்களுடைய ஊற்று. பெயர்த்துச் சொல்ல ஆள் இருந்தாலும், எந்த இடத்தைச் சொல்கிறார் என்பது பார்த்தவுடன் விளங்கிவிடும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய் சிலிர்க்கும்.

ராமநாதபுரம் விவசாயி: அதில் முக்கியமா என்னதான் வரைஞ்சிருக்காங்க?

தண்ணீர்தான் அண்ணே. 'ஜிலா' என்பது வற்றாத ஊற்று. மேலே வெறும் மணல், தோண்டினால் நீர். ஒவ்வொரு ஜிலாவிலும் மழை தரும் பாம்பு குடியிருப்பதாக நம்பிக்கை. பேர் சொல்லி அழைத்துவிட்டுத்தான் கிட்டே போவார்கள். ஊருணியைக் காக்கிற உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

சேலத்திலிருந்து: ஓவியத்தின் மேல் ஏறி நிற்கலாமா? பாழாகாதா?

வரைந்ததே அதன் மேல் உட்கார்ந்துதானே. சுவரில் மாட்டுவதற்காக அவர்கள் அதைத் தீட்டவில்லை.