நிலம் கலைந்தால் விதையை யார் சுமப்பது? சவன்னா எறும்புகள் பற்றிக் கேள்வி பதில்

சவன்னாவில், அதாவது ஆங்காங்கே மரங்கள் நிற்கும் வெப்பமண்டலப் புல்வெளியில், எறும்புகள் விதை பரப்புவதைப் பற்றியும், உழுதோ மேய்த்தோ மரத்தை வெட்டியோ நிலத்தைக் கலைத்தால் அது என்ன ஆகும் என்பதைப் பற்றியும் பலர் கேட்டிருந்தீர்கள். வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கேள்வி: எறும்பு விதையைத் தின்னத்தானே எடுத்துப் போகிறது? செடிக்கு அதில் என்ன லாபம்?

தானியம் சேர்க்கும் எறும்புகள் தின்னத்தான் எடுக்கின்றன. ஆனால் ஏறக்குறைய 11,000 பூக்கும் தாவர இனங்கள் விதையோடு சிறு கொழுப்புச் சதை ஒன்றையும் ஒட்டி அனுப்புகின்றன. அதற்கு எலையோசோம் என்று பெயர். அதிலுள்ள கொழுப்பு, செத்த பூச்சியின் உடலில் இருக்கும் கொழுப்பை ஒத்தது. எறும்பு இரை என்றே அதைத் தூக்கிப்போய், சதையைக் கூட்டிலுள்ள தன் குஞ்சுப் புழுக்களுக்கு ஊட்டிவிட்டு, கெட்டித் தோல் கொண்ட விதையைக் கூட்டுக்குள்ளோ வெளிக்குப்பையிலோ போட்டுவிடும். விதைக்குச் சேதம் இல்லை.

கேள்வி: நிலத்தைக் கலைத்தால் எறும்பு குறையும், விதை பரவலும் குறையும். அவ்வளவுதானே?

அப்படி நினைப்பதுதான் பெரிய தவறு. எத்தனை எறும்பு என்பதைவிட எந்த எறும்பு என்பதுதான் முக்கியம்.

ஓர் அகேசியா (வேல மர வகை) விதையைத் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். முதலில் வருவது ஃபெய்டோல் வகைச் சிற்றெறும்பு என்றால், பத்து இருபது சேர்ந்து மொய்த்து, சதையை அங்கேயே கடித்துப் பிய்த்துக்கொண்டு போகும். விதை விரல்கடை தூரம் நகர்ந்தாலே அதிகம். சதை போன விதையை அப்புறம் வேறு எறும்பு ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதே விதையை ரைட்டிடோபோனெரா போன்ற பெரிய எறும்பு கண்டால், ஒற்றை ஆளாகத் தாடையில் கவ்விக்கொண்டு, புல்தண்டுகளைச் சுற்றி, சருகில் ஏறி இறங்கி, நேரே கூட்டுக்குப் போகும். உலக அளவில் தொகுத்த சராசரித் தூரம் 2 மீட்டர்தான். ஆனால் ஆஸ்திரேலியாவில் 'இறைச்சி எறும்பு' எனப்படும் வகையைச் சேர்ந்த எறும்பு ஒன்று 180 மீட்டர் வரை கொண்டுபோனது பதிவாகியிருக்கிறது. நிலம் கலையும்போது மாறுவது இந்தச் சுமைகாரர்களின் பட்டியல்.

கேள்வி: கலைந்த நிலத்தில் விதை இன்னும் தூரம் போனதாகப் படித்தேன். நம்பலாமா?

நம்பலாம். வட ஆஸ்திரேலியாவைப் பற்றி 1998இல் ஆண்டர்சனும் மாரிசனும் வெளியிட்ட ஆய்வு அதைத்தான் காட்டியது. காரணம் எளிது. இறைச்சி எறும்புக்கு வெயில் காயும் திறந்த தரை பிடிக்கும். மரநிழலும் சருகும் போனால் அதன் கை ஓங்கும். அது இரை தேடிப் போகும் தூரமும் அதிகம். சவன்னாத் தீயும் தூரத்தைக் கூட்டுவது 2007இல் வெளியான ஆய்வில் தெரிந்தது. புல்லும் சருகும் எரிந்துபோனால் சுமையோடு நடக்கத் தடை குறைவு, பாருங்கள்.

ஆனால் தூரம் கூடியதை நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பல இனங்கள் பல கூடுகளில் விதைத்த இடத்தில், இப்போது ஓரினத்தின் சில கூடுகளில் விதைகள் குவிகின்றன. இறைச்சி எறும்போ தன் கூட்டு மேட்டின்மேல் செடி முளைத்தால் அதை அப்புறப்படுத்தும் வழக்கம் உள்ளது. எங்கே போய் விழுகிறது என்று பார்க்காமல் மீட்டரை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கு.

கேள்வி: பிரேசிலின் சவன்னாவான செராடோவிலும் இதே கதைதானா?

இல்லை. 20 லட்சம் சதுர கிலோமீட்டர் பரந்த செராடோவில் ஏறக்குறைய பாதி ஏற்கெனவே வயலும் மேய்ச்சல் நிலமுமாகிவிட்டது. மிஞ்சியது துண்டு துண்டாக நிற்பதால், வயலைத் தொட்டு நிற்கும் ஓரங்கள் அதிகம். அங்கே பல கனிகளைப் பறவைகள் முதலில் எடுக்கின்றன. கீழே சிந்தியதை எறும்புகள் சுமக்கின்றன. எறும்புகளால் நாற்றுகளுக்குக் கிடைக்கும் நன்மை ஓரங்களில் குறைவதை அங்கே கண்டிருக்கிறார்கள். எனக்கு அதிகக் கவலை தருவது இந்த ஓரங்கள்தான்.

கேள்வி: மேய்ச்சல், உழவு – எது மோசம்?

உழவு. கூட்டையே புரட்டிப் போட்டுவிடும்.

கேள்வி: அப்படியானால் தீயே இல்லாமல் பார்த்துக்கொள்ளலாமா?

வேண்டாம். சவன்னா தீயோடு வளர்ந்த நிலம். பெரும்பாலான கூடுகள் மண்ணுக்கடியில் தப்பிவிடும். எறும்பு புதைத்த அகேசியா விதைக்குத் தோல் வெடிக்க அந்தச் சூடு உதவுகிறது. பயப்பட வேண்டியது வேறு: வட ஆஸ்திரேலியாவில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்த காம்பா புல் 4 மீட்டர் வரை வளர்ந்து, பல மடங்கு உக்கிரமாக எரிகிறது. மரமே செத்தால் சுமக்க விதை ஏது?

கேள்வி: நிலத்தை மீட்கும்போது எறும்பைக் கொண்டுவந்து விடலாமா?

தேவையில்லை. பக்கத்தில் கலையாத நிலம் இருந்தால் தானாக வரும். விழுந்த மரக்கட்டையையும் சருகையும் அப்படியே விடுங்கள், நிழல் வரட்டும். வெளியிலிருந்து மண்ணும் தொட்டிச் செடியும் கொண்டுவருவதில் மட்டும் மிகக் கவனம். அவற்றோடுதான் பெருந்தலை எறும்பு என்ற ஆக்கிரமிப்பு இனம் வந்து, உள்ளூர் எறும்புகளைத் துடைத்துவிடுகிறது. அப்புறம் காலை வேளையில் இருபது விதைகளைத் தரையில் வைத்து, ஒவ்வொன்றையும் யார் தூக்கினார், எங்கே இறக்கினார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டும் அதே இடத்தில் அதையே செய்து ஒப்பிடுங்கள்.